ஆண்ட்ராய்டா, ஐபோனா: ராமநாதபுரம் கடற்கரையில் போன் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

துபாயிலிருந்தோ தோஹாவிலிருந்தோ லீவில் வருகிறவர் புது ஐபோன் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால், "ஆண்ட்ராய்டா ஐபோனா" என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பெட்டியைப் பிரித்து சிம் போடப் போகும்போதுதான் முதல் சிக்கல் வரும். சிம் டிரே எங்கே? போனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் இருக்காது.

2025-இல் வந்த ஐபோன் 17, 17 ப்ரோ, 17 ப்ரோ மேக்ஸ் மூன்றும் அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் இ-சிம் (போனுக்குள்ளேயே பதியும், கழற்ற முடியாத சிம்) மட்டுமே உள்ள மாடலாக விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் ஐபோன் 14 முதலே, அதாவது 2022 முதலே, இந்த நிலைதான். இந்தியாவில் விற்கும் அதே 17-இல் ஒரு நானோ சிம்முக்கு இடம் உண்டு. ஐபோன் ஏர் எந்த நாட்டில் வாங்கினாலும் டிரே கிடையாது. அதனால் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி சபுராளி (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்) வீடுகளில் போன் சொல்லி அனுப்புகிறவர்கள் மாடல் பெயரோடு நிறுத்தாமல், டிரே உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

டிரே இல்லாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். ஊருக்குள் இருப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் கெடாது. கடலுக்குப் போகிறவருக்குக் கெடும். படகில் போன் தண்ணீரில் விழுந்து அணைந்துவிட்டால், சாதாரண சிம்மைக் கழற்றிப் பக்கத்து ஆளின் பட்டன் போனில் போட்டுக் கரைக்குப் பேசிவிடலாம். இ-சிம் அந்த போனோடு போய்விடும். திரும்ப வாங்க நெட்வொர்க் கடைக்கு ஆதாரோடு போக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, போன் எந்தக் கம்பெனியாக இருந்தாலும், படகுத் தொழிலில் இருப்பவர் டிரே உள்ள போனையே எடுப்பது நல்லது.

வங்கியில் பதிந்த நம்பரும் ஐந்தாயிரம் ரூபாய் வரம்பும்

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு என்று தளம் மாறும்போது உண்மையில் வலிப்பது யுபிஐ. கடையில் போனை விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு அது வேலையும் இல்லை. கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

சாதாரண சிம்மை இ-சிம்மாக மாற்றுவதும் சிம் மாற்றுவதுதான். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வரவும் செய்யாது, போகவும் செய்யாது. திருட்டுத்தனமாக டூப்ளிகேட் சிம் எடுத்து ஓடிபி பிடிக்கும் மோசடியை அடக்கத் தொலைத்தொடர்புத் துறை வைத்த தடை அது. யுபிஐ ஆப் புதுப் போனில் பதிய வேண்டுமென்றால், அந்தப் போனில் உள்ள சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். ஆக முதல் நாள் பதியவே முடியாது.

மறுநாள் பதிந்த பிறகும் முழு வரம்பு திறக்காது. போனோ சிம்மோ மாறினால் ஆரம்பத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. இந்தக் கட்டுப்பாடு ஆண்ட்ராய்டில் 24 மணி நேரம், ஐபோனில் 72 மணி நேரம் என்றுதான் பல வங்கிகள் வைத்திருக்கின்றன. இ-சிம் தடை 24, ஐபோன் வரம்பு 72, இரண்டையும் கூட்டினால் நான்கு நாள். வீட்டுச் செலவுக்கு இது போதும். ஏலத்தில் மீன் எடுத்து அன்றன்றே பணம் போடும் வியாபாரிக்கு நான்கு நாள் என்பது தொழில் நிற்கிற சமாச்சாரம். நெட் பேங்கிங்கை முன்கூட்டியே திறந்து, பணம் போட வேண்டியவர்களின் கணக்குகளை அதில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் புதிதாகச் சேர்க்கும் கணக்குக்கும் முதல் நாள் வரம்பு இருக்கும் என்பதால், மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பதிவின்போது ஐபோனில் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஆண்ட்ராய்டில் அனுமதி கொடுத்தால் ஆப்பே எஸ்எம்எஸ்ஸை அனுப்பிக்கொள்ளும். ஐபோனில் மெசேஜ் பக்கம் திறந்து, என்னவென்று புரியாத எழுத்துகள் கொண்ட ஒரு வரி தெரியும். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அனுப்பு பட்டனை நாமே அழுத்த வேண்டும். இரண்டு நம்பர் இருந்தால் வங்கியில் பதிந்த நம்பரிலிருந்துதான் போகிறதா என்று மேலே பார்க்க வேண்டும். ஜியோவில் வங்கி, ஏர்டெல்லில் நெட் என்று வைத்திருப்பவர்களுக்கு "சரிபார்ப்பு தோல்வி" என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்.

ஐபோனைப் புதிதாகத் திறந்ததும் ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டும் நம்பரைச் சரிபார்க்க நமக்குத் தெரியாமலேயே ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். ப்ரீபெய்டில் பேக் இருந்தாலும் மெயின் பேலன்ஸ் இல்லாவிட்டால் அது போகாது, "செயல்படுத்தக் காத்திருக்கிறது" என்று அப்படியே நிற்கும். பத்து ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும். இந்த இரண்டையும் பயன்படுத்தும் எண்ணமே இல்லையென்றால் செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வங்கி நம்பரையும் யுபிஐயையும் பழைய ஆண்ட்ராய்டிலேயே விட்டுவிட்டு, வளைகுடாவிலிருந்து வந்த ஐபோனைப் பேச, படம் பார்க்க, படம் எடுக்க மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டு போன் தூக்க வேண்டும், உண்மைதான். ஆனால் உம்மாவின் கையில் இருக்கும் போன் விஷயத்தில் இதுவே நிம்மதியான ஏற்பாடு. யுபிஐ வீட்டில் இருக்கும் போனில் இருந்தால் சந்தையில் போன் தொலைந்தாலும் பணத்துக்கு ஆபத்து குறைவு.

கடலில்

மீன்வளத் துறையின் "தூண்டில்", எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் "ஃபிஷர் ஃபிரெண்ட்" போன்றவை கடல் நிலவரம், காற்று, எல்லை நெருங்கும்போது எச்சரிக்கை ஆகியவற்றுக்காக வந்தவை. 2019-இல் வெளியான ஜெமினி என்ற சிறு கருவி ககன் செயற்கைக்கோளிலிருந்து புயல், அலை எச்சரிக்கைகளை வாங்கி ப்ளூடூத் வழியாகப் போனுக்குத் தரும். டவர் இல்லாத இடத்திலும் செய்தி வரும் என்பதுதான் அதன் பயன். விசைப்படகுகளில் பொருத்தப்படும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும் இதே முறையில் ப்ளூடூத்தில் போனோடு இணையும், அதற்கு "நபமித்ரா" என்ற ஆப் உண்டு.

இந்த வகை ஆப்கள் எல்லாம் மீனவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான் என்பதை வைத்தே எழுதப்படுபவை. எனவே ஐபோனுக்குப் போகும் முன், தெரிந்தவர் ஒருவரின் ஐபோனை வாங்கி ஆப் ஸ்டோரில் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பெயரையும் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. வெளியிட்டவர் யார், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதையும் பாருங்கள். இரண்டு வருடமாகத் தொடாத ஆப்பை நம்பிக் கடலுக்குப் போக முடியாது. டிரான்ஸ்பாண்டர் வைத்திருக்கும் படகில், அதோடு இணைத்த போனை மாற்றுவதற்கு முன் புதுப் போனில் கரையிலேயே ஒருமுறை இணைத்து, செய்தி வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

ஆண்ட்ராய்டு இங்கே முந்துகிறது என்றாலும் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மீ போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் எல்லை எச்சரிக்கை ஆப் செத்திருக்கும், போனைப் பையில் போட்டவருக்கு அது தெரியாது. ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோவில் பேட்டரி என்பதற்குள் போய் "கட்டுப்பாடு இல்லை" என்று வைக்க வேண்டும். ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக இருந்தால் அதையும் திறந்துவிட வேண்டும். பெரிய அப்டேட் வந்த பிறகு இரண்டையும் மறுபடி பாருங்கள், சில போன்களில் பழைய நிலைக்குப் போய்விடும்.

ஐபோனில் சிக்கல் வேறு மாதிரி. இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது" என்று வைத்தால் திரை அணைந்ததும் ஆப்புக்கு இடம் தெரிவது நின்றுபோகலாம். "எப்போதும்" என்று வைக்க வேண்டும். அப்படி வைத்த பிறகும் சில நாள் கழித்து, "இந்த ஆப் உங்கள் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, தொடரட்டுமா?" என்று அதுவே கேட்கும். வீட்டில் பிள்ளைகள் யாராவது அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால் கடலில் எச்சரிக்கை வராது.

ஜிபிஎஸ் விஷயத்தில் இரண்டு தளத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. டவர் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். டவர் இல்லாத இடத்தில் முதன்முதலாகத் திறந்தால் இடம் பிடிக்கச் சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான். ஜெட்டியை விட்டுக் கிளம்பும்போதே மேப்பைத் திறந்து நீலப் புள்ளி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டால் போதும். நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்களை ஐபோனில் 15 ப்ரோ முதல் சேர்த்தார்கள். ஆண்ட்ராய்டில் 2020 முதலே நடுத்தர விலை ஸ்னாப்டிராகன் சிப்கள் சிலவற்றில் அது வந்துவிட்டது. எது எப்படியானாலும் படகில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிக்குப் போன் துணைதான், மாற்று ஆகாது.

ஐபோன் விளம்பரத்தில் வரும் செயற்கைக்கோள் எஸ்ஓஎஸ் பற்றி ஒரு வார்த்தை. ஐபோன் 14 முதல் அந்த வசதி போனுக்குள் இருக்கிறது, ஆனால் இந்தியாவில் அந்தச் சேவை கிடையாது. "கடலில் மாட்டிக்கொண்டால் சாட்டிலைட்டில் பேசலாம்" என்று யாராவது சொல்லி விற்றால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் இலங்கை டவர் பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டு தளத்திலும் டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் நிறுவனத்தையே தேர்ந்துவைத்தால் சரியாகிவிடும்.

ஏபிகே கோப்பாக வாட்ஸ்அப்பில் வரும் ஆப்பை ஆண்ட்ராய்டில் நேரடியாகப் போடலாம், ஐபோனில் முடியாது. ஜெட்டியில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு ஆப் பரவுவதற்கு இது வசதி. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகள் எஸ்எம்எஸ்ஸைப் படித்துக் கணக்கைக் காலி செய்வதும் இதே வசதியால்தான். வீட்டில் எதைப் பார்த்தாலும் தட்டிவிடும் ஒருவர் இருந்தால், அவருக்கு ஐபோன் கொடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

உப்பு

தண்ணீரைத் தாங்கும் அளவாக ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது நல்ல தண்ணீரில் சோதித்த முடிவு. ஐபோன் 12 முதல் பெரும்பாலான மாடல்களில் 6 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் என்பார்கள். அதுவும் புதுப் போனுக்கு. விழுந்து, சூடேறி, ஒருமுறை பிரித்து ஒட்டிய போனுக்குச் செல்லாது. தண்ணீர் புகுந்த பழுதுக்கு ஆப்பிள் வாரண்டியும் தராது, சாம்சங்கும் தராது. ஐபோனில் சிம் டிரேயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சிறு வெள்ளைப் பட்டை தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகிவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். பழைய போன் வாங்கும்போது நீங்களும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடல் தண்ணீர் பட்டவுடன் செய்ய வேண்டியது இரண்டு தளத்துக்கும் ஒன்றுதான். கவரைக் கழற்றுங்கள். ஐபி68 போன் என்றால் நல்ல தண்ணீரால் மேலாகக் கழுவுங்கள், அல்லது நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்பு காய்ந்து படிந்தால் பிறகு எடுக்க முடியாது. டைப்-சி ஓட்டையைக் கீழே பார்க்க வைத்து உள்ளங்கையில் தட்டி, காற்றாடும் இடத்தில் வையுங்கள். அரை மணி நேரமாவது சார்ஜர் பக்கம் போகக் கூடாது. ஈரம் இருப்பதாகப் போன் மறுபடி சொன்னால் ஒரு நாள் வரை பொறுங்கள். ஈரத்தோடு மின்சாரம் போனால்தான் உள்ளே உள்ள பின்களில் பச்சை பூத்து அரிக்கும். அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். அரிசித் தூசு ஓட்டைக்குள் போய் இன்னும் கெடுக்கும் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது.

ஓட்டை அரித்த பிறகுதான் இரண்டு தளமும் பிரிகின்றன. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு பலவற்றில் சார்ஜிங் ஓட்டை ஒரு தனிச் சிறு போர்டில் இருக்கும். அந்தச் சார்ஜிங் போர்டைக் கழற்றி மாற்றுவது ராமேஸ்வரத்திலோ உச்சிப்புளியிலோ உள்ள கடைக்காரர் உட்கார வைத்துக்கொண்டே முடிக்கும் வேலை. ஐபோனில் வேலை அதிகம், பாகமும் விலை. திரை, பேட்டரி, கேமரா இவற்றில் வெளிப் பாகம் போட்டால் "அறியாத பாகம்" என்று செட்டிங்ஸில் காட்டும், அடுத்து விற்கும்போது விலை இறங்கும். கம்பெனியின் அங்கீகார சர்வீஸ் உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்று வாங்கும் முன்பே பின்கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரைதான் என்று வந்தால் ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர், ஒரு நாள் வேலை போய்விடும்.

ஐபோனுக்கு இதில் ஒரு தப்பிக்கும் வழி உண்டு: வயர்லெஸ் சார்ஜிங். ஐபோன் 8 முதல் ஏறக்குறைய எல்லா மாடலிலும் இருக்கிறது. ஓட்டை முழுதும் அரித்துப் போனாலும் தட்டில் வைத்துச் சார்ஜ் ஏற்றிக் காலம் தள்ளலாம். இருபதாயிரத்துக்கு வரும் ஆண்ட்ராய்டில் பொதுவாக அந்த வசதி இருக்காது. வெயில் விஷயத்தில் இரண்டும் ஒன்றே. 35 டிகிரிக்கு மேல் சூழல் வெப்பம் போனால் எந்தப் போனும் திரையை மங்கலாக்கலாம், சார்ஜை நிறுத்தலாம். பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

வாட்ஸ்அப்பைத் தூக்கிக்கொண்டு போவது

ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பேக்கப் கூகுள் டிரைவில் இருக்கும், ஐபோனின் பேக்கப் ஐகிளவுடில் இருக்கும். ஒன்றை மற்றொன்று படிக்காது. நேரடியாக மாற்றும் வழி 2022-இல்தான் வந்தது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. அதே நம்பராக இருக்க வேண்டும். ஐபோன் புதிதாகவோ முழுதும் அழித்ததாகவோ இருக்க வேண்டும். இரண்டும் சார்ஜில் இருக்க வேண்டும்.

முதலில் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைப் புதுப்பித்து, அதன் செட்டிங்ஸில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஏலக் குரூப், ஜமாஅத் குரூப், சொந்தக்காரர் குரூப் மூன்றும் சேர்ந்து எளிதாக 20, 30 ஜிபி ஆகிவிடும். வேண்டாத வீடியோவை இங்கேயே அழித்தால் மாற்றும் நேரம் பாதியாகக் குறையும். பிறகு பிளே ஸ்டோரிலிருந்து "மூவ் டு ஐஓஎஸ்" போடுங்கள். ஐபோனை ஆன் செய்து, முதல் அமைப்பில் ஆப்களையும் தரவையும் மாற்றும் பக்கம் வரும்போது "ஆண்ட்ராய்டிலிருந்து" என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையில் வரும் எண்ணை ஆண்ட்ராய்டில் அடித்தால், ஐபோன் உண்டாக்கும் தற்காலிக வைஃபையில் அது சேரும். பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தட்டித் தொடங்குங்கள். அது தயாரானதும் ஆண்ட்ராய்டில் கணக்கு தானே வெளியேறும். மற்றவற்றையும் டிக் செய்து அனுப்புங்கள். முடிந்ததும் ஐபோனில் வாட்ஸ்அப்பைப் போட்டு அதே நம்பரில் நுழைந்து, கேட்கும்போது தொடங்கு என்று கொடுத்தால் சாட்டுகள் வந்துவிடும். அழைப்புப் பட்டியல் வராது.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் போன் கைக்கு வருவதற்கு முன்பே. கொண்டுவந்தவரோ கடைக்காரரோ "எல்லாம் ரெடி பண்ணிட்டேன்" என்று அமைப்பை முடித்துக் கொடுத்திருப்பார். அப்போது அந்தப் பக்கம் மறுபடி வராது. செட்டிங்ஸில் ஜெனரல், அதன் அடியில் உள்ள மாற்று அல்லது மீட்டமை என்பதற்குள் போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். இரண்டாவது, ஆண்ட்ராய்டு போன் "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை" என்று சொல்லித் தானே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், இணைப்பு அறுந்துபோகும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். மூன்றாவது, நடுவில் யாராவது கூப்பிட்டாலோ வேறு ஆப்பைத் திறந்தாலோ நின்றுவிடும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு செய்வதுதான் உத்தமம். நான்காவது, ஆண்ட்ராய்டில் "முடிந்தது" என்று வந்தாலும் ஐபோனில் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். ஐபோனில் முடியும் வரை எதையும் தொடாதீர்கள். ஐபோனில் ஏற்கெனவே அதே நம்பரில் வாட்ஸ்அப் திறந்து சில நாள் பேசியிருந்தால், மாற்றி வருவது அந்தப் பேச்சை அழித்துவிட்டு உட்காரும்.

பழைய தொலைபேசி எண்கள் பலருக்கும் சிம்மிலேயே கிடக்கும். சிம்மை இ-சிம்மாக மாற்றினால் அந்த எண்கள் பழைய பிளாஸ்டிக் துண்டிலேயே தங்கிவிடும். முதலிலேயே காண்டாக்ட்ஸ் ஆப்பில் அவற்றைக் கூகுள் கணக்குக்கு நகர்த்திவிடுங்கள். அந்தக் கணக்கை ஐபோனில் சேர்த்தால் எண்கள் எல்லாம் வந்துவிடும். கூகுள் போட்டோஸில் உள்ள படங்களையும் மாற்ற வேண்டியதில்லை. ஐபோனில் அந்த ஆப்பைப் போட்டு நுழைந்தால் போதும்.

திரும்பி வருகிறவர்களுக்கு, அதாவது ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு, கேபிள் வேண்டும். ஐபோன் 14 வரை லைட்னிங்-டைப்-சி, 15 முதல் இரண்டு பக்கமும் டைப்-சி. புது ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேற்பட்டதாக, அமைப்பு தொடங்காததாக இருக்க வேண்டும். ஐபோன் வாட்ஸ்அப்பில் சாட்ஸ் என்பதற்குள் "ஆண்ட்ராய்டுக்கு நகர்த்து" என்று இருக்கும். சிம்மை எடுப்பதற்கு முன் ஐமெசேஜை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் சில செய்திகள் உங்களுக்கு வந்து சேராது. ஐகிளவுடில் உள்ள படங்களைக் கூகுள் போட்டோஸுக்கு ஆப்பிளே அனுப்பிவைக்கும் வசதி ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று முதல் ஏழு நாள் எடுக்கும். ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேரவே சேராது, விற்றுவிட வேண்டியதுதான்.

துபாயில் இருக்கும் வாப்பாவோடு வீடியோவில் பேசுவதற்காக ஐபோன் வாங்குகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எந்தப் போனிலும் தடைதான். அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற ஆப்கள் இரண்டு தளத்திலும் ஓடும். அதற்காகத் தளம் மாற வேண்டிய அவசியமே இல்லை.

கடை நடத்துகிறவர்கள்

இங்கே பேச்சு சுருக்கம்: ஆண்ட்ராய்டை விடாதீர்கள். கருவாட்டுக் கடையிலும் மளிகையிலும் பில் போடும் 58 மில்லிமீட்டர் ப்ளூடூத் பிரிண்டர்களில் மலிவானவை பல, பழைய வகை ப்ளூடூத்தில் பேசும். ஐபோன் அந்த வகைக்கு ஆப்பிளின் சான்று பெற்ற கருவியை மட்டுமே ஏற்கும். பெயர் தெரியும், ஆனால் இணையாது. ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் வங்கி முகவர்களின் ரேகைக் கருவியும் ஓடிஜி என்ற இணைப்புக் கேபிளில் ஆண்ட்ராய்டை நம்பித்தான் இருக்கிறது. ஏல விலையைப் பேசியதைப் பதிந்து வைக்கும் பழக்கம் இருந்தால், ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதல் அழைப்புப் பதிவு உண்டு. ஆனால் பதிவு தொடங்கும்போது அறிவிப்புக் குரல் இரு பக்கமும் கேட்கும். கூகுள் டயலர் உள்ள ஆண்ட்ராய்டிலும் அதே கதைதான்.

காசு

2025 தொடக்கத்தில் வந்த ஐபோன் 16இ-யின் அறிமுக விலை 59,900 ரூபாய், அதே ஆண்டு வந்த ஐபோன் 17-இன் விலை 82,900. அதோடு மாதச் செலவும் சேரும். ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபி, கூகுள் தருவது 15 ஜிபி. ஐகிளவுடில் 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய், 200 ஜிபிக்கு 219 ரூபாய் என்ற அளவில் கட்ட வேண்டிவரும். ஐபோனில் மெமரி கார்டு போட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் இந்தச் செலவைத் திருப்பித் தருவது ஆயுளில். 2019-இல் வந்த ஐபோன் 11-க்கு 2025-இன் ஐஓஎஸ் 26 கிடைத்தது. மலிவு ஆண்ட்ராய்டு பலவற்றுக்கு இரண்டு மூன்று வருடத்தில் அப்டேட் நின்றுவிடும், அதற்குச் சில வருடம் கழித்து வங்கி ஆப்கள் "உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பு பழையது" என்று திறக்க மறுக்கும். ஆனால் இந்த இடைவெளி முன்பு மாதிரி இல்லை. சாம்சங் எஸ்24, கூகுள் பிக்சல் 8 இரண்டுக்கும் ஏழு வருடம் உறுதி. சாம்சங் ஏ16 5ஜி போன்ற குறைந்த விலைப் போனுக்கே ஆறு வருடம் சொல்லியிருக்கிறார்கள். என் கணக்கில், படகுக்குப் போகிறவருக்கு நீண்ட அப்டேட்டும் ஐபி67, 68-இல் ஒன்றும் சிம் டிரேயும் உள்ள நடுத்தர ஆண்ட்ராய்டுதான் சரி. உப்பில் போகப்போகிற போனுக்கு எண்பதாயிரம் போடுவது வீண். கரையில் இருந்தபடி படிக்கிறவர், படம் எடுக்கிறவர், ஐந்தாறு வருடம் வைத்து நல்ல விலைக்கு விற்க நினைப்பவர் ஐபோனுக்குப் போகலாம்.

வளைகுடாவிலிருந்து வரும் பழைய ஐபோனை வாங்குகிறீர்கள் என்றால் நான்கைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம். அபௌட் பக்கத்தில் பாக வரலாறு. ஜெனரலில் விபிஎன், டிவைஸ் மேனேஜ்மென்ட் என்பதற்குள் ஏதாவது கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்பது. இருந்தால் அது வேலை செய்த இடத்தின் போன், ஒரு நாள் பூட்டிவிடுவார்கள். நான்காவது, *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் தனியான அடையாள எண்), கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் செய்து, தடை செய்யப்பட்ட போனா என்று பதிலில் பார்ப்பது.

எப்போது மாற்றுவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்குத் தளம் மாற இதைவிட நல்ல நேரம் கிடையாது. யுபிஐ வரம்பு நான்கு நாள் ஓடட்டும், டிரான்ஸ்பாண்டரை இணைத்துப் பார்க்கட்டும், விரல் புது இடங்களுக்குப் பழகட்டும். ஏலம் ஓடும் நாட்களில் வியாபாரிகள் தொடவே கூடாது. கட்டாயம் என்றால் வெள்ளி இரவு வேண்டாம். ஏதாவது சிக்கினால் ஞாயிறும், மாதத்தின் இரண்டாம், நான்காம் சனியும் வங்கியில் கேட்க ஆள் இருக்காது.

பழைய போனை ஒரு வாரமாவது அழிக்காமல் வையுங்கள். யுபிஐயில் ஐந்தாயிரத்துக்கு மேல் ஒருமுறை அனுப்பிப் பார்த்து, டிஜிலாக்கர் திறந்து, வாட்ஸ்அப்பில் இரண்டு வருடம் முந்தைய ஒரு செய்தியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே அழிக்கலாம். ஆண்ட்ராய்டு என்றால் முதலில் மெமரி கார்டை எடுங்கள், பிறகு செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், அதற்குப் பிறகுதான் ரீசெட். கணக்கை நீக்காமல் பட்டனை அழுத்தி ரீசெட் செய்தால், வாங்கியவரிடம் உங்கள் பழைய கணக்கையும் பாஸ்வேர்டையும் கேட்டு நிற்கும், அவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஐபோன் என்றால் "ஃபைண்ட் மை" அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு அழிக்க வேண்டும். அழிக்கும்போது இ-சிம்மையும் நீக்கவா என்று கேட்கும். நம்பர் புதுப் போனுக்கு வந்துவிட்டதா என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆம் என்று கொடுங்கள்.